பினாங்குச் சந்தைகளுக்குப் பேச்சா சவாரி: மணிக்கு நாற்பது வெள்ளி தகுமா?

பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் பேச்சா பிடித்தால் வழக்கமாகக் கிடைப்பது சுவர் தரிசனம். ஆர்மீனியன் தெருவில் ஒரு ஓவியம், இறங்கு, படம் எடு, ஏறு. அடுத்த சந்தில் இன்னொரு ஓவியம். பிறகு கூ கொங்சி என்ற சீனக் குலக்கோயில் வாசல், கடலோரம், அதோடு ஒரு மணி நேரம் தீர்ந்துவிடும். சந்தை அந்தச் சுற்றில் கிடையாது. வேண்டுமென்றால் நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கொடுத்த வெள்ளிக்கு (ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றே சொல்வார்கள்) மதிப்பிருக்கும்.

முதலில் வண்டி. பேச்சா என்பது நம்மூர் சைக்கிள் ரிக்ஷாவைத் திருப்பிப் போட்ட மாதிரி: உட்காருபவர் முன்னால், மிதிப்பவர் பின்னால். சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் இருக்கை மிதிவண்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். மலாக்காவில் அதன் மேல் பொம்மை, விளக்கு, பாட்டுப்பெட்டி என்று ஒரு திருவிழாவையே ஏற்றிவிடுவார்கள். பினாங்கு வண்டி அவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லாதது. பிளாஸ்டிக் பூவும் ஒரு குடையும் இருக்கும், அவ்வளவுதான். தனியாகக் கைப்பிடி கிடையாது. இருக்கைக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கம்பி. அதைப் பிடித்து முன்பாகத்தையே அப்படியே திருப்புவார்கள். திருப்பத்தில் வண்டி வளைகிறது என்று தோன்றாது, நாம் ஒரு கதவில் உட்கார்ந்திருக்க அந்தக் கதவை யாரோ தள்ளித் திறப்பது போலிருக்கும்.

முன்னால் உட்காருவதால் பார்வைக்குத் தடையே இல்லை. பேருந்துப் புகைக்கும் தடை இல்லை. சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் லாரியின் புகைக்குழாய் ஏறக்குறைய முகத்துக்கு நேரே இருக்கும். ஒரு கைக்குட்டை கையோடு இருக்கட்டும்.

ஏறுவதில் ஒரு முறை உண்டு. மிதிப்பவர் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டிய பிறகே கால்பலகையில் கால் வையுங்கள், அதுவும் நடுவில். அவர் பிடிக்காதபோது பலகை நுனியில் மிதித்தால் வண்டி முன்னால் குப்புறச் சாயும். இறங்கும்போதும் இதே கதைதான், ஒருவர் இறங்கி முடித்த பிறகு மற்றவர். சேலை, துப்பட்டா இரண்டையும் மடியில் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சக்கரங்கள் இருக்கைக்கு இரண்டு பக்கமும் சுழல்கின்றன, வெளியே தொங்கும் தலைப்பு ஆரத்தில் சிக்கும். இருக்கை இரண்டு பேருக்கு. கொஞ்சம் வாட்டசாட்டமான இருவர் என்றால் இடுப்போடு இடுப்பு. மூன்றாவதாகக் குழந்தையை மடியில் வைக்கலாம். பெரியவர்கள் மூவர் என்றால் இரண்டு வண்டி. ஒரே கியர், மிதிப்பவர் பெரும்பாலும் வயதானவர்.

இனி காசு. மணிக்கு நாற்பது வெள்ளி அளவில் சொல்வது வழக்கம். இது ஆளுக்கா, வண்டிக்கா என்பதை ஏறுமுன் பேசிவிடுங்கள். இறங்கும்போது வரும் சச்சரவில் பாதி இதில் பிறப்பதுதான். மீதிப் பாதி காத்திருக்கும் நேரத்தில் பிறக்கிறது. நீங்கள் சந்தைக்குள் மீன் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கடிகாரம் ஓடும். அவரைப் பொறுத்தவரை அது நியாயம், அந்த நேரத்தில் வேறு சவாரி எடுக்க முடியாதே.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சீசில் தெருச் சந்தை, கேம்பல் தெருச் சந்தை, சௌரஸ்தா மூன்றும் ஒரே காலையில் பார்க்கலாம். சீசில் தெருவுக்கும் சௌரஸ்தாவுக்கும் நடுவே தூரம் சுமார் ஒரு கிலோமீட்டர். கேம்பல் தெருவிலிருந்து சௌரஸ்தா சில நூறு மீட்டர். பேச்சா நடையைவிடச் சற்றே வேகம் என்பதால் மொத்தமாக மிதிக்கும் நேரம் அரை மணியைத் தாண்டாது. ஆனால் மூன்றையும் ஒழுங்காகப் பார்த்தால் மிதிப்பும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகும். முழுக்கக் காக்க வைத்தால், அரை மணி மிதிப்புக்கு எண்பது வெள்ளி.

அதனால் மூன்று சந்தைக்கும் சேர்த்து வண்டி பேசக்கூடாது. சீசில் தெருவில் அரை மணி காத்திருப்பு, கேம்பல் தெருவில் கால் மணி, சௌரஸ்தாவில் இறக்கிவிட்டு அவர் போய்விடலாம். இப்படிப் பேசினால் ஒன்றரை மணிக்குள் முடியும், அறுபது வெள்ளிக்கு அடங்கும். சௌரஸ்தாவைக் கடைசியில் வைக்க மூன்று காரணம். அதிக நேரம் பிடிப்பது அதுதான். அங்கே வாங்குவதுதான் கனமானது, ஒழுகக்கூடியது. அது ஜாலான் பினாங்கின் (ஜாலான் என்றால் சாலை) மேலேயே இருப்பதால், திரும்ப வேறு பேச்சாவோ இலவசப் பேருந்தோ கிடைக்கும். சீசில் தெருவில் அப்படி இல்லை. அங்கே வண்டியை அனுப்பிவிட்டால் வெயிலில் நடைதான்.

பேசுவதற்கு நாலு மலாய்ச் சொல் போதும். "செஜாம் பேராப்பா?" என்றால் ஒரு மணிக்கு எவ்வளவு. "துங்கு" என்றால் காத்திரு. "பாசார்" சந்தை. "பெலான்-பெலான்" மெதுவாக. கடை என்பதற்குச் சொல்லே தேட வேண்டாம், மலாயில் அது "கெடாய்", நம்மிடமிருந்து போனது.

நேரம் காலை ஏழரையிலிருந்து எட்டுக்குள். மீனும் காயும் பதினொன்றுக்கு மேல் மிச்சம் மீதிதான், வெயிலும் அப்போது தாங்காது. சுற்றுலாக்காரர்களை நம்பி ஓடும் வண்டிகள் அவ்வளவு காலையில் நிறுத்தத்துக்கு வந்திருக்காது. முந்தின நாள் மாலையே ஜாலான் பினாங்கில் ஒருவரைப் பார்த்து, இடமும் நேரமும் சொல்லி, தொகையைத் தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள். முன்பணம் வேண்டாம். நிறுத்தத்தைத் தேடவும் வேண்டாம். பேச்சாக்காரர் ஒருவர் வண்டியில் சாய்ந்து காத்திருப்பதாக எர்னஸ்ட் சக்கரேவிச் 2012இல் வரைந்த பெரிய சுவரோவியம் அதே சாலையில்தான் இருக்கிறது.

சீசில் தெருவுக்குத் தெற்கே போகும்போது காலை வெயில் இடப்பக்கம், வடக்கே திரும்பும்போது வலப்பக்கம். தனியாகப் போகிறவர் அதற்கு ஏற்ப நகர்ந்து உட்காரலாம். கூரையை இழுத்துவிட்டாலும் கடலை நோக்கிப் போகும் தெருக்களில் வெயில் நேரே முகத்தில்தான். ஒருவழிச் சாலைகள் நிறைய. நேராகப் போகாமல் சுற்றுகிறாரே என்று சந்தேகப்பட வேண்டாம். சுவரோவியம் பக்கம் வண்டி திரும்பினால் மட்டும் "பாசார்" என்று நினைவுபடுத்துங்கள். பழக்கத்தில் கால் அங்கேதான் போகும்.

சீசில் தெருவில் சாப்பாடுதான் முக்கியம். ஒரு பக்கம் இறைச்சி, மீன், காய். இன்னொரு பக்கம் ஒட்டுக்கடைகள். வாத்துக்கறி போட்ட குவேய் தியாவ் (பட்டையான அரிசி நூடுல்ஸ்) சூப்பும், வடையும் காயும் நறுக்கிக் குழம்பு ஊற்றித் தரும் பசெம்போரும் இங்கே பேர்போனவை. சைவர்கள் கவனிக்க: கண்ணுக்குக் காய்கறியாகத் தெரியும் தட்டிலும் பன்றிக்கொழுப்போ பெலாச்சானோ (இறால் விழுது) இருக்கும். முட்டை வேண்டாம், இறைச்சி வேண்டாம் என்று சொல்வது மட்டும் போதாது. சுத்த சைவம் வேண்டுமென்றால் இங்கே ஒரு கோப்பியோடு நிறுத்திக்கொண்டு, பசியை லிட்டில் இந்தியாவுக்கு ஒத்திவைப்பது உத்தமம். பேச்சாக்காரருக்கும் ஒரு கோப்பி சொல்லுங்கள், அரை மணி நாற்பது நிமிடமானாலும் முகம் சுளிக்க மாட்டார்.

கேம்பல் தெருச் சந்தை 1900இல் கட்டியது. முகப்பு அழகு, உள்ளே சிறியது. கால் மணி தாராளம். தரை எப்போதும் ஈரம், வழவழப்பான செருப்போடு போகாதீர்கள்.

சௌரஸ்தாவுக்கு வந்தால் பேச்சா ஜாலான் பினாங்கிலேயே நின்றுவிடும். பக்கத்து ஜாலான் சௌரஸ்தா, ஜாலான் குவாலா கங்சார் இரண்டிலும் காலையில் தரைக்கடை, தள்ளுவண்டி, மோட்டார் சைக்கிள் எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும், மூன்று சக்கரம் உள்ளே போகாது. போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சந்தை 1890இல் தொடங்கியது, இப்போதைய கட்டடத்தின் அடிப்படை 1961ஆம் ஆண்டினது, சில ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்திருக்கிறார்கள். பேரைக் கேட்டதும் நமக்கு நாற்சந்தி என்று புரிந்துவிடும். ஹொக்கியன் பேசும் சீனர்களோ இதை இந்தியர் சந்தை என்ற பொருளில் அழைக்கிறார்கள். ஒட்டியிருக்கும் தெருவின் பேர்ப்பலகையைப் பாருங்கள்: லெபு தமிழ், அதாவது தமிழ்த் தெரு. காவடித் தண்டில் சோறும் குழம்பும் தூக்கி விற்ற தமிழ் முஸ்லிம்களின் நாசி கண்டார் இந்தப் பகுதியில் இன்றும் காலையிலேயே கிடைக்கும்.

சந்தை வாசல் பக்கம் பொப்பியா (காய் வைத்துச் சுருட்டும் பலகாரம்) தோல் போடுகிறவரைப் பார்க்காமல் போகக்கூடாது. மாவு பரோட்டா மாவு போல இறுகியது அல்ல, கையிலிருந்து வழிந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குத் தளர்வு. ஒரு கை நிறைய அதை எடுத்து மணிக்கட்டால் ஆட்டிக்கொண்டே இருப்பார், ஆட்டம் நின்றால் மாவு கீழே. சூடான இரும்புத் தட்டில் அந்த உருண்டையை வட்டமாக ஒரு தேய்ப்பு, உடனே மேலே இழுப்பு. தட்டில் ஒட்டி நிற்பது காகிதம் போன்ற ஒரு படலம் மட்டும். சில விநாடியில் ஓரம் வெளுத்துச் சுருளும், நகத்தால் கிள்ளி உரித்து அடுக்கில் போடுவார். அடுத்த தட்டில் இதற்குள் இன்னொன்று வெந்திருக்கும். தோலை எடை போட்டு விற்பார்கள். அன்றைக்கே சாப்பிட வேண்டியது, பையில் வைத்து ஊருக்குக் கொண்டுவர நினைத்தால் ஓரம் காய்ந்து நொறுங்கும்.

ஊருக்குக் கொண்டுவர ஏற்றது ஜெருக், அதாவது பழ ஊறுகாய். மா, அரநெல்லி, அம்பரலங்காய், பப்பாளி, கொய்யா என்று கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிற்கும். இவற்றில் பினாங்குக்கே உரியது சாதிக்காய். நாம் மசாலாவில் போடும் கொட்டையும் அதன் மேல் சிவப்பு வலையாக இருக்கும் சாதிபத்திரியும் அல்ல. அவற்றுக்கு வெளியே இருக்கும் தடித்த சதை, நம் கடைகளுக்கு வராத பாகம். துருவியது, கீற்றாக அரிந்தது, முழுசாக ஊறியது என்று பல விதம். துருவியது வாயில் சீக்கிரம் காரமேறும். முதல்முறை வாங்குகிறவர்கள் கீற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். ருசி பார்க்கக் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். ஈர வகை என்றால் பாகை வடித்துவிட்டு எடை போடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரைத் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு. இரட்டைப் பை கட்டச் சொல்லி, விமானத்தில் பெரிய பெட்டியிலேயே போடுங்கள். பாகோடு கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் திரவம் என்று பிடுங்கிவிடலாம். பெலாச்சான் வாங்கினால் மூன்று சுற்றுப் பிளாஸ்டிக்கும் மேலே ஒரு மூடிபோட்ட டப்பாவும் வேண்டும். இரண்டு சுற்றில் நிறுத்தியவர்களின் பெட்டித் துணி அத்தனையும் கருவாட்டு வாடை அடிக்கும்.

மாடியில் பழைய புத்தகக் கடைகள். மின்விசிறியைத் தவிர வேறு சத்தம் இல்லாத இடம், கீழே வியர்த்ததற்கு ஓய்வு.

லிட்டில் இந்தியாவுக்குப் பேச்சா தேவையே இல்லை. லெபு பாசாரை அங்குள்ள தமிழர் கடைத்தெரு என்பார்கள். அங்கே அஞ்சடியில் (கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை) நடந்தால்தான் பூக்கட்டுவதும் பலகாரமும் கண்ணில் படும். வண்டியில் உட்கார்ந்தால் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பீர்கள். குயின் தெருவில் 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயிலும் நடை தூரந்தான்.

மழை வந்தால் முன்னால் ஒரு பிளாஸ்டிக் திரையை இறக்கிவிடுவார்கள். நனையாது, ஆனால் எதுவும் தெரியாது, உள்ளே புழுக்கம். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். வானம் இருட்டியிருந்தால் சவாரியை ரத்து செய்துவிட்டு நகருக்குள் சுற்றும் இலவச கேட் (CAT) பேருந்தில் சௌரஸ்தாவுக்குப் போய்விடுங்கள், அறுபது வெள்ளி மிச்சம். சீனப் புத்தாண்டு நாட்களிலும் வண்டி பேச வேண்டாம், சந்தைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

தனியாள், நடக்கத் தெம்புள்ளவர், முன்பே ஒருமுறை வந்தவர் என்றால் பேச்சா அவசியமில்லை. முழங்கால் வலியோடு வரும் அப்பா அம்மா, அவர்களோடு ஒரு பிள்ளை என்றால் யோசிக்காமல் எடுக்கலாம். வெயிலில் அந்த ஒரு கிலோமீட்டரை அவர்கள் நடந்து வந்தால் சௌரஸ்தாவில் நிற்கவே தெம்பிருக்காது, ஊறுகாய் எங்கே பார்ப்பது. சில்லறையாகக் கொண்டுபோங்கள், நூறு வெள்ளித் தாளுக்குக் காலையில் மீதி இருக்காது. இறக்கிவிட்டதும் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, சந்தை முடித்து வெளியே வந்து, கொஞ்ச தூரத்தில் கெங் குவீ சந்தில் செண்டோல் (தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் சேர்த்த ஐஸ் பானம்) குடிக்கலாம். அங்கே வரிசை நீளம், ஜெருக் பையைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.