‘ராத்திரி ரேட்டு’ சார்ஜர்: 2,480 வெள்ளி போச்சு, தரைவீட்டுக்காரர்கள் கவனம்

சூட்டோடு சூடாக எழுதுகிறேன், வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் மின்சாரக் காருக்கு வீட்டில் சார்ஜர் பொருத்தித் தரும் ஓர் இணையக் கடை என்னிடம் 2,480 வெள்ளியைச் சுருட்டிவிட்டது.

விற்க வந்த பையன் நம்ம ஆள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் லேமினேட் செய்த ஓர் அட்டையை வைத்தான். வீட்டில் கார் சார்ஜ் செய்ய எந்த ஊரில் எவ்வளவு ஆகும் என்ற பட்டியல். பிரிட்டனில் ராத்திரி யூனிட் 7 பென்ஸ். மலேசியாவில் 21.8 சென். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம். கடைசியில் சிங்கப்பூர்: பகல் 30 காசு, ‘ஸ்மார்ட் இரவு’ 14 காசு.

“நள்ளிரவுக்கு மேல தானா சார்ஜ் ஏறும்ணே, பில்லு பாதியாயிடும். நம்ம ஆளுங்ககிட்ட பொய் சொல்லுவேனா?” என்றான். அம்மாவின் முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்பதுவரை பேசினான். பேநவ் கைப்பேசிப் பணமாற்றில் 2,480 வெள்ளி அந்த மேசையிலேயே கைமாறியது.

பெட்டியைச் சுவரில் மாட்டினார்கள், மின்சார பில் வந்தது. கட்டணத்தில் ஒரு காசு குறையவில்லை. எப்படிக் குறையும்? இங்கே பெரும்பாலான வீடுகள் கட்டுவது மின்சாரம் வழங்கும் எஸ்பி குழுமத்தின் வழக்கமான கட்டணம். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், பகல் ராத்திரி பேதம் பார்க்காது. 60 யூனிட் பேட்டரியை நிரப்பச் சுமார் 18 வெள்ளி, மதியம் போட்டாலும் விடியற்காலை போட்டாலும். பிரிட்டனின் 7 பென்ஸ் உண்மைதான். ஸ்மார்ட் மீட்டர் வைத்து, மின்சாரக் காருக்கான தனித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குக் கிடைப்பது அது. இங்கேயும் சில மின்சார விற்பனையாளர்களிடம் நேரத்துக்கு ஏற்ற திட்டம் உண்டு, அதற்குத் தனியாக ஒப்பந்தம் போடவேண்டும். சுவரில் மாட்டிய பெட்டி விலையைக் குறைத்துவிடாது.

மலேசியாவில் ஸ்கூடாயில் இருக்கும் மச்சானுக்கு அட்டையைப் படமெடுத்து அனுப்பினேன். சிரிக்கிறார். 21.8 சென் பழைய கட்டணமாம், அதுவும் மாதத்தின் முதல் 200 யூனிட்டுக்கு மட்டும். ஏர்கான் ஓடும் வீட்டில் காரையும் போட்டால் அப்போதே 51.6 சென் படியில் போய் நின்றிருக்குமாம். 2025 ஜூலையில் அந்த முறையே மாறிவிட்டது.

கடைக்கு வாட்ஸ்அப் செய்தேன். முதலில் “ஆப் அப்டேட் ஆகணும்ணே”. அப்புறம் “அடுத்த பில்லுல தெரியும்”. அப்புறம் “உங்க காரைச் செக் பண்ணுங்க”. ‘ணே’ காணாமல் போய் ‘சார்’ ஆனேன். இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது.

இதைவிடக் கொடுமை, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டியபோது தெரிந்தது. பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அடியில் டார்ச் அடித்தார். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகார லேபிள் எங்கேயும் இல்லை. 2023 டிசம்பர் 8 முதல் சட்டப்படி அங்கீகாரமும் பதிவும் இல்லாத சார்ஜரைப் பயன்படுத்தக் கூடாது. “நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்று சொல்லி, இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார். அன்றைக்குக் கடையில் கேட்டபோது “ஸ்டிக்கர் தபால்ல வரும்” என்றார்கள். ஸ்டிக்கராம்! 2,480 வெள்ளிக்குச் சுவரில் நாலு ஓட்டையும் ஒரு செத்த பெட்டியும். இப்போது அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில், வீட்டுச் செலவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு கொடுத்துச் சார்ஜ் போடுகிறேன்.

விவரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. லேபிளைக் கண்ணால் பாருங்கள். மின்பணியாளரின் உரிமத்தை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். பதிவு முடியும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். வெளியூர்க் கட்டணத்தைக் காட்டினால் உங்கள் எஸ்பி பில்லை எடுத்து நீட்டுங்கள். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை கேட்கலாம், இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். என் 2,480 வெள்ளிக்கு இன்றிரவே மனு போடுகிறேன்.