ஆற்றுக்கு ஆறு துண்டில் ஒரு பெயர்: ஹெக்-டிஎஸ்எஸ்வியூ

ஆற்று நீரை அளக்கும் ஒரே நிலையத்துக்கு நான்கு பெயர் இருந்தது. கையெழுத்துப் பதிவேட்டில் ஊர்ப் பெயர். எக்செல் கோப்பில் அதே ஊர், வேறு எழுத்துக்கூட்டலில். மாத அறிக்கையில் "பாலத்துக்கு மேல்புறம்". எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் விட்டுப்போன கோப்பில் "நிலையம் 7 புதுசு கடைசி". நான்கும் ஒரே பாலத்தின் தூணில் அடித்திருக்கும் ஒரே அளவுப் பலகை என்று தெரிந்துகொள்ள எனக்கு 11 நாள் பிடித்தது.

அந்தக் கடுப்பில்தான் ஹெக்-டிஎஸ்எஸ்வியூ என்ற மென்பொருள் பக்கம் போனேன். மூன்று வருடம் ஆகிறது. 23 ஆற்று நிலையங்கள், 4 நீர்த்தேக்கங்கள், 46 வருடப் பதிவுகள் எல்லாம் இப்போது இதற்குள் இருக்கின்றன. கணினியில் நீரியல் மாதிரி (மாடல்) ஓட்டுபவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று வெறும் பட்டியல் போடுவதற்காக இதைப் பிடித்தவர்கள் எழுதியதாக நான் பார்க்கவில்லை, அதனால் இது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைக்குக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் நீரியல் பொறியியல் மையம் என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் 1979-இல் தொடங்கிய சேமிப்பு முறைதான் டிஎஸ்எஸ். அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க, திருத்த, வரைபடம் போட உதவுவது டிஎஸ்எஸ்வியூ. இலவசம். முகம் பழையது, பொத்தான்களைப் பார்த்தாலே இது அழகுப் போட்டிக்கு வந்த ஆள் இல்லை என்று தெரிந்துவிடும்.

இதன் உயிர் பெயர் வைக்கும் முறையில் இருக்கிறது. உள்ளே போகும் ஒவ்வொரு தரவுத் தொடருக்கும் ஏழு சாய்கோடுகளுக்கு நடுவே ஆறு துண்டுகளாக ஒரு பெயர். முதல் துண்டு படுகை அல்லது ஆறு. இரண்டாவது இடம். மூன்றாவது என்ன அளந்தோம்: நீர்மட்டமா, ஓட்டமா, இருப்பா. நான்காவது தேதி. ஐந்தாவது இடைவெளி: ஒரு மணி, ஒரு நாள், ஒரு மாதம். ஆறாவது நம் விருப்பம். ஆங்கிலத்தில் இந்தப் பெயருக்குப் "பாத்நேம்", வழிப்பெயர். எண்ணிக்கையும் ஆறு, அளப்பதும் ஆறு, வழிக்கும் பழந்தமிழில் ஆறு. டேவிஸில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, நான் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

சும்மா ஒரு பெயரிடும் வழக்கம்தானே, இதை எக்செல்லிலேயே செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், யாரும் செய்வதில்லை. இங்கே எந்தத் துண்டில் எது போகும் என்று கட்டம் போட்டு வைத்திருப்பதால், பதில் தெரியாமல் நிரப்பக் கை கூசுகிறது. இந்த எண் எந்த இடத்தில் எடுத்தது? மட்டமா, ஓட்டமா? காலை 8 மணிக்கு ஒரு தடவை பார்த்ததா, நாள் முழுவதற்கும் சராசரியா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தனியாக ஒரு வகைப் பெயரே உண்டு. அந்தக் கணத்து மதிப்பு ஒரு வகை, காலச் சராசரி இன்னொன்று, காலத் தொகுப்பு வேறொன்று. 46 வருடமாக எங்கள் அறிக்கைகளில் "தினசரி ஓட்டம்" என்று அச்சாகி வந்ததில் பெரும்பகுதி, காலை ஒரே ஒரு முறை பலகையைப் பார்த்து, மட்டத்தை அட்டவணையில் தேடி எடுத்த ஓட்டம். நிதானமாக ஓடும் நாட்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மதியம் வந்து நள்ளிரவில் வடிந்த வெள்ளம் என்றால், அந்தப் பதிவைப் பொறுத்தவரை வெள்ளமே வரவில்லை. இதை எனக்கு எந்தக் கருத்தரங்கும் சொல்லித் தரவில்லை. ஒரு சின்னக் கீழ்விரிப் பட்டி "வகை?" என்று கேட்டபோது பதில் தெரியாமல் விழித்ததில்தான் புரிந்தது.

ஆறாவது துண்டை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் ஆளுக்கொரு கொள்கை. மாடல் ஓட்டுபவர்கள், எந்தத் தடவை ஓட்டியது (ரன்) என்பதன் பெயரை வைப்பார்கள். நான் பதிவின் பிறப்பையும் நிலையையும் வைக்கிறேன்: "பதிவேடு", "திருத்தியது", "இடைச்செருகல்". விடுபட்ட நாட்களை இரு பக்க மதிப்புகளை வைத்து நிரப்பும் வசதி இதில் உண்டு. தொடர்ந்து எத்தனை நாள் வரை நிரப்பலாம் என்று எல்லையும் சொல்லலாம். நிரப்பியதை மூலத்தின் மேல் எழுதாமல் வேறு பெயரில் சேமிக்கிறேன். சுவடி பதிப்பித்தவர்கள் எந்தச் சொல்லுக்குப் பயந்தார்களோ அதே சொல்லைத்தான் லேபிளாக வைத்திருக்கிறேன். பார்ப்பவர்களுக்கும் கொஞ்சம் பயம் இருக்கட்டும்.

இனி நான் வாங்கிய அடி. நாள் சராசரி என்றால் இந்த மென்பொருள் அந்த நாளின் முடிவில், 2400 மணியில், முத்திரை குத்தும். ஜூலை 1-இன் சராசரி, ஜூலை 1 இரவு 2400. எக்செல்லில் வெறும் தேதி மட்டும் இருந்தால் அது அந்த நாளின் 0000 மணி. ஜூலை 1 காலை 0000 என்பதும் ஜூன் 30 இரவு 2400 என்பதும் ஒரே கணம். ஆக, கவனிக்காமல் உள்ளே தள்ளினால் ஜூலை 1-இன் ஓட்டம் ஜூன் 30 கணக்கில் போய் உட்காரும். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், படிக்காதது நான். ஒரு நிலையத்தின் மொத்தத் தொடரையும் ஒரு நாள் முன்னால் நகர்த்திவிட்டேன். எப்படித் தெரிந்தது என்றால், மேல்நிலையத்தையும் கீழ்நிலையத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டபோது, வெள்ளம் முதலில் கீழே வந்துவிட்டு அப்புறம் மேலே போயிருந்தது. ஆறு பின்னால் ஓடுவதைப் பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது.

அந்த வரைபடம் போட மூன்று சொடுக்குதான் ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிடும், அலகு வேறானால் தனி அச்சு. பிழை பிடிக்க இதைவிடச் சுருக்கு வழி எனக்குத் தெரியாது.

நீர்த்தேக்கங்களுக்கு வருவோம். எனக்கு அதிகம் உதவியதும், அதிகம் தலைவலி கொடுத்ததும் அங்கேதான்.

அணையில் யாரும் கொள்ளளவை அளப்பதில்லை. அளப்பது மட்டம். அதை மட்டம்–கொள்ளளவு அட்டவணையில் தேடி, இருப்பு இவ்வளவு என்று எழுதுகிறார்கள். வண்டல் சேரச் சேர அந்த அட்டவணை பொய்யாகிக்கொண்டே வரும். சில வருடங்களுக்கு ஒரு முறை நீர்த்தேக்கத்தை மறுபடி அளந்து புது அட்டவணை போடுவார்கள். எங்கள் ஓர் அணையில், மதகு திறக்காமல், மழையும் இல்லாமல், மட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காமல், ஒரே ராத்திரியில் இருப்பு மட்டும் பெரிதாகக் குறைந்திருந்தது. தண்ணீர் எங்கும் போகவில்லை. அன்று முதல் புது அட்டவணை, அவ்வளவுதான். பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இதற்கு டிஎஸ்எஸ்ஸில் இருக்கும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. காலத்தொடர் தவிர, இரட்டைத் தரவு என்று இன்னொரு வகை உண்டு: மட்டத்துக்கு எதிரே கொள்ளளவு, மட்டத்துக்கு எதிரே பரப்பு, ஆற்றில் என்றால் மட்டத்துக்கு எதிரே ஓட்டம், அதாவது ரேட்டிங் கர்வ். ஒவ்வோர் அட்டவணையையும் அது அளவெடுத்த வருடத்தைக் கடைசித் துண்டில் போட்டுத் தனித்தனியாக வைத்துவிட்டேன். மட்டத் தொடரைக் கொடுத்து, எந்த அட்டவணை என்று சொன்னால், இருப்பைக் கணக்குப் போட்டுத் தருகிறது. அதனால் இப்போது என் கொள்கை: மட்டம்தான் தாய்ப் பதிவு. இருப்பு அதன் பிள்ளை, எந்த அட்டவணைக்குப் பிறந்தது என்று பெயரிலேயே இருக்க வேண்டும். பழைய இருப்பு எண்களையும் தூக்கிப் போடவில்லை. அந்தக் காலத்தில் முடிவெடுத்தவர்கள் பார்த்தது அதைத்தான்.

நீர்வரத்து இன்னும் வேடிக்கை. பெரும்பாலான அணைகளில் வரத்து நேரடியாக அளந்ததல்ல. இருப்பில் ஏற்பட்ட மாற்றம், வெளியேற்றம், ஆவியானது மூன்றையும் கூட்டி வருவிப்பது. நீர்ப்பரப்பு 50 சதுர கிலோமீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் மட்டம் 5 லட்சம் கனமீட்டர். அதை ஒரு நாளுக்குப் பிரித்தால் நொடிக்கு ஏறத்தாழ 5.8 கனமீட்டர், அதாவது 204 கனஅடி. காற்றில் அலை அடித்து, பலகை பார்த்தவர் ஒரு சென்டிமீட்டர் குறைத்து எழுதினால் கோடையில் வரத்து மைனஸில் போகும். எங்கள் பழைய கோப்புகளில் மைனஸ் வந்த இடமெல்லாம் யாரோ நாசூக்காகப் பூச்சியம் ஆக்கியிருக்கிறார்கள். பூச்சியம் ஆக்கினால் வருடக் கூட்டல் உப்பிவிடும், ஏனென்றால் அடுத்த நாள் வந்த பொய்யான உயர்வை யாரும் வெட்டவில்லை. நான் மைனஸை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் விட்டு வைத்திருக்கிறேன்.

அலகு விஷயத்தில் நான் முன்ஜாக்கிரதை. கனஅடி, கனமீட்டர், டிஎம்சி மூன்றும் கலந்த பதிவேடுகள் எங்களுடையவை. ஒரு டிஎம்சி என்பது நொடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் ஓடினால் சேரும் நீர். கனஅடி வீதம் ஒரு வேகம், டிஎம்சி ஒரு அளவு. இரண்டையும் ஒரே நிரலில் எழுதியிருந்த பக்கங்களும் உண்டு. உள்ளே போடும் முன்பே எல்லாவற்றையும் கனமீட்டருக்கு மாற்றிவிட்டேன்.

குறை என்று பார்த்தால், முதலாவது பட்டியலே தரும் பொய்யான நிம்மதி. தினசரித் தரவை இது வருடம் வருடமாகக் கட்டி வைக்கிறது, மணிவாரித் தரவை மாதம் மாதமாக. சுருக்கப் பட்டியலில் முதல் கட்டிலிருந்து கடைசிக் கட்டு வரை ஒரே வரியாகக் காட்டும். பார்க்க 46 வருடமும் நிறைந்த மாதிரி இருக்கும். வருடத்தில் ஒரே ஒரு நாள் மதிப்பு இருந்தாலும் அந்த வருடக் கட்டு இருக்கத்தான் செய்யும். அலமாரியில் இழுப்பறை இருக்கிறது என்று சொல்லும், உள்ளே துணி இருக்கிறதா என்று சொல்லாது. புள்ளிவிவரப் பகுதிக்குப் போனால் எத்தனை மதிப்பு இருக்கிறது, எத்தனை விடுபட்டது என்று எண்ணித் தரும். ஒவ்வொன்றாகப் போக முடியாமல், உள்ளேயே பைதான் பாணியில் எழுத விடுகிறார்களே என்று ஒரு சின்ன நிரல் எழுதி, நிலையம்வாரியாக விடுபட்ட நாட்களை எண்ண வைத்தேன். 23-இல் 9 நிலையங்கள்தான் நம்பி எடுக்கும்படி இருந்தன. அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் எங்களிடம் பட்டியல் என்று ஒன்று இருப்பதாகச் சொல்லவே ஆரம்பித்தேன்.

இரண்டாவது, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கதை. ஒரு நிலையத்தில் ஒரு நவம்பரிலிருந்து மட்டம் முழுக்க ஓர் அடி உயர்ந்திருந்தது. அங்கே பலகை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவரைத் தேடிப் போனேன்.

"ஐயா, இந்த மாசத்துல இருந்து எல்லாமே ஓர் அடி கூட இருக்கே, ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"வெள்ளத்துல பலகை போயிடுச்சும்மா. புதுசை பக்கத்துத் தூண்ல அடிச்சாங்க, ஓர் அடி கீழ இறங்கிடுச்சு. நான் எழுதி வெச்சேனே, கடைசிப் பக்கத்துல பாருங்க."

பென்சிலில், பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், இருந்தது. ஓர் அடியைக் கழிப்பது இந்த மென்பொருளில் அரை நிமிட வேலை. ஆனால் ஏன் கழித்தேன் என்பதை எங்கே வைப்பது? உரைப் பதிவாக அதே படுகை, அதே இடப் பெயரில் வைக்கலாம், வைத்தும் இருக்கிறேன். ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர் அதைத் திறக்க மாட்டார். அதனால் நிலையத்துக்கு ஒரு பக்கம் என்று தனியாக நோட்டு ஒன்றும் வைத்திருக்கிறேன்: பலகையின் பூச்சியம் எந்த உயரத்தில், எப்போது மாறியது, யார் சொன்னது.

சின்ன விஷயங்கள் சில. அழித்த பதிவை, கோப்பை இறுக்கும் கட்டளை கொடுக்கும் வரை மீட்கலாம். இறுக்கிவிட்டால் போனது போனதுதான். ஏழாம் பதிப்புக் கோப்பைப் பழைய நிரல்கள் திறக்காது, யாருக்காவது அனுப்பும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் நிலையங்களை இணையத்திலிருந்து நேராக இறக்க வசதி உண்டு. கை பழக நான் எடுத்தது ரியோ கிராண்டே ஆற்றின் எம்புடோ நிலையம். அந்த ஆய்வகம் 1889-இல் ஆறு அளக்கத் தொடங்கிய இடம். நல்ல பதிவு எப்படி இருக்கும் என்று முதலில் கண்ணுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது.

பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுத வேண்டும், இணையத்தில் பொதுமக்கள் பார்க்க வேண்டும் என்றால் இது உங்களுக்கானதல்ல, முறையான தரவுத்தளத்துக்குப் போங்கள். ஓரிரண்டு பேர், ஒரு அறை நிறையப் பதிவேடு, ஒரு படுகை என்றால் தாராளமாக எடுங்கள்.

அந்த "நிலையம் 7 புதுசு கடைசி" கோப்பை முதல் வாரமே அழித்துவிட நினைத்தேன். மற்ற மூன்றோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், வேறு எதிலும் இல்லாத 14 நாட்கள் அதில் மட்டும் இருந்தன, அதுவும் ஒரு வெள்ளத்தின் ஏறுமுகம். அந்த 14 நாளும் இப்போது பட்டியலில் தனியாக நிற்கின்றன. ஆறாவது துண்டில், மூலம் என்ற இடத்தில், "புதுசு-கடைசி" என்றே போட்டிருக்கிறேன்.