போல்டார்க் படப்பிடிப்புத் தலங்கள்: சார்ல்ஸ்டவுனா, பொட்டாலக்கா?

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் நிகழும் கதையை, ‘போல்டார்க்’ என்ற பெயரில் பிபிசி 2015 முதல் 2019 வரை ஐந்து பருவங்களாக ஒளிபரப்பியது. அந்தக் கடற்கரையை நேரில் காண விரும்புவோர், ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், தெற்குக் கரையில் இருக்கும் சார்ல்ஸ்டவுன் துறைமுகம், மேற்குக் கோடியில் அட்லாண்டிக்கைப் பார்த்து நிற்கும் பொட்டாலக் சுரங்கப் பகுதி ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். என் தேர்வு பொட்டாலக்.

சார்ல்ஸ்டவுனைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஒரு சில மீனவர்கள் மட்டுமே வாழ்ந்த சிற்றூரில், சார்ல்ஸ் ராஷ்லி என்பவர் 1791-இல் தொடங்கிக் கட்டுவித்த துறைமுகம் அது. செம்புத் தாதுவும் பின்னர் பீங்கான் களிமண்ணும் அங்கிருந்து கப்பலேறின. குறுகலான கப்பல்துறையும் கருங்கல் சுவர்களும் பெரிதாக மாறாமல் இருப்பதால், பாய்மரக் கப்பலொன்றை நிறுத்தினாலே பழைய காலம் வந்துவிடுகிறது. ஆனால் தொடரில் அது நடிப்பது டிரூரோ நகரின் துறைமுகமாக. உண்மையான டிரூரோ, கடலிலிருந்து உள்ளே தள்ளி ஆற்றோரம் அமைந்த ஊர். 1880-இல் கட்டத் தொடங்கிய பேராலயம் இன்று அதன் வானத்தை ஆள்கிறது. அந்நகரின் தெருக்களாக நாம் பார்த்தவையோ, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் வில்ட்ஷயரில் உள்ள கோர்ஷம் என்ற ஊரில், சாலையின்மேல் மண்ணைப் பரப்பி எடுக்கப்பட்டவை. கதையில் கப்பலிலிருந்து இறங்கித் தெருவுக்குள் நுழைபவர், உண்மையில் பல மாவட்டங்களைத் தாண்டிவிடுகிறார். (போல்டார்க் குடும்பத்தின் டிரென்வித் மாளிகையும் கடற்காற்று எட்டாத குளஸ்டர்ஷயரில்தான் இருக்கிறது.)

பொட்டாலக்கில் இந்தப் பிளவு இல்லை. அங்குள்ள வீல் ஓல்ஸ் சுரங்கத்தின் இயந்திரக் கூடம்தான் (நீராவி இயந்திரத்தை வைத்திருந்த கட்டடம்) கதைநாயகன் ராஸ் போல்டார்க்கின் வீல் லெஷர் சுரங்கமாகத் தோன்றுகிறது. சுரங்கம் சுரங்கமாகவே நடிக்கிறது. 1893-இல் அதன் தொழிலாளர்கள் தவறான வரைபடத்தை நம்பித் தோண்டியபோது, நீர் நிறைந்து கிடந்த பழைய சுரங்கம் உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் 20 பேர் மாண்டனர்; உடல்கள் மீட்கப்படவே இல்லை. சற்றுத் தள்ளி, பாறைச் சரிவின் அடியில் கடலை ஒட்டி நிற்கும் கிரௌன்ஸ் இயந்திரக் கூடங்கள் இரண்டையும் பார்த்தால், அவற்றுக்குரிய சுரங்கம் கடலின் அடித்தளத்துக்குக் கீழே நீண்டு சென்றது என்பதை நம்பத் தயக்கம் வராது. தொடர் பேசும் வறுமையும் சூதாட்டம் போன்ற முதலீடும் இந்த இடத்தில்தான் புரிகின்றன.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கதை 1783-இல் தொடங்குகிறது. இக்கூடங்களோ 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள். ஆயினும் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரங்கள் 1770களின் இறுதியிலேயே கார்ன்வால் சுரங்கங்களுக்கு வந்துவிட்டதால், இந்தக் காலப் பிழையை மன்னிக்கலாம் என்பது என் கருத்து.

முதியவர்களோ சிறு குழந்தைகளோ உடன் வந்தால் நிலைமை வேறு. செயின்ட் ஆஸ்டல் ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் சார்ல்ஸ்டவுனே அப்போது எளிது. பொட்டாலக்குக்குப் பென்சான்ஸில் இறங்கிப் பேருந்திலோ காரிலோ செல்ல வேண்டும். செங்குத்துப் பாறை விளிம்பையொட்டிய பாதையில் காற்று பலமாக வீசும். கார் இருப்பவர்கள், ராஸ் கடலில் நீந்தும் காட்சி படமான போர்த்குவாரா என்ற சிறு வளைகுடாவையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

பொட்டாலக்கிலிருந்து வடக்கே கடலோரப் பாதையில் சிறிது நடந்தால் லெவன்ட் சுரங்கம் வரும். அதுவும் தொடரில் இடம்பெற்றதுதான். 1840-ஆம் ஆண்டின் நீராவி இயந்திரமொன்று அங்கே பழுதுபார்க்கப்பட்டு இயக்கிக் காட்டப்படுகிறது. எல்லா நாளும் அது ஓடுவதில்லை என்பதால், அதைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு அறிவிக்கும் நாள்களைப் பார்த்துப் பயணத்தை வைத்துக்கொள்வது நல்லது.