ஓவியர் ரவிவர்மா பிறந்த ஊருக்குப் பயணம்: திருகோணமலை ஆட்கள் காசு கட்டுவதற்கு முதல் இதை வாசியுங்கள்

"ரவிவர்மாவின் இளமைக்காலம்" என்ற பெயரில் திருகோணமலையில் இருந்து கேரளாவுக்கு ஐந்து நாள் பயணம் கூட்டிப்போவதாக ஒரு விளம்பரம் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. போன தடவை அதில் போன பதினான்கு பேரில் நானும் ஒருத்தி. ஆளுக்கு 185,000 ரூபா கட்டினோம். அடுத்த குழுவுக்குக் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவள். எங்கள் அம்மாவின் சாமியறையில் ரவிவர்மாவின் சரஸ்வதி படம் ஒன்று இருந்தது. ஆற்றோரப் பாறையில் வெள்ளைச் சேலையோடு இருந்து வீணை வாசிப்பார், பக்கத்தில் மயில் நிற்கும். 90ஆம் ஆண்டு வீட்டை விட்டு ஓடினபோது அம்மா கையில் எடுத்தது காணி உறுதியையும் அந்தப் படத்தையும்தான். அந்தப் படத்தைக் கீறிய கை எங்கே வரையப் பழகியது என்று பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. அதனால்தான் விளம்பரத்தைக் கண்டதும் விசாரிக்காமல் போய்ச் சேர்ந்தேன்.

காசு வாங்கிய தம்பி நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார். "ரீச்சர், நீங்கள் வந்தால் மற்றவர்களுக்கும் விளங்கப்படுத்தலாம்" என்றார். அச்சடித்த பயண நிரல் ஒன்று தந்தார். ரவிவர்மா பிறந்த கிளிமானூர் அரண்மனை, அங்கே அவரின் ஓவியக்கூடம், திருவனந்தபுரம் மியூசியம் வளவில் உள்ள ஓவியங்கள், "அனுபவமுள்ள தமிழ் வழிகாட்டி" என்று எல்லாம் அதில் இருந்தன. இடங்களின் பெயர்கள் ஒன்றும் பிழையில்லை. நான் ஏமாந்ததே அதில்தான். பெயர்கள் சரியாக இருந்ததால் நாட்களைப் பார்க்கவில்லை.

சனி இரவு திருகோணமலையில் இருந்து வான். ஞாயிறு காலை கட்டுநாயக்க விமான நிலையம். திருவனந்தபுரம் ஒரு மணித்தியாலப் பறப்புத்தான். அன்று பின்னேரம் முழுக்கச் சேலைக்கடை. சரி, முதல் நாள்தானே, களைப்பு ஆறட்டும் என்று இருந்தோம்.

இரண்டாம் நாள் திங்கட்கிழமை. மியூசியம் வளவுக்குப் போனால் வாசலிலேயே தெரிந்துவிட்டது: திங்கட்கிழமைகளில் அங்கே பூட்டு. இது இரகசியம் இல்லை, அந்த ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் தெரியும். வழிகாட்டியாக வந்தவர் "திடீரென்று மூடிவிட்டார்கள் அம்மா" என்று சொல்லி எங்களைத் திரும்ப வானில் ஏற்றினார். வான் நேரே ஒரு நகைக்கடை வாசலில் போய் நின்றது. அங்கே இரண்டரை மணித்தியாலம்.

வானில் போகும்போது அவர் சொன்ன கதைகளையும் எழுதத்தான் வேண்டும். ரவிவர்மா திருவிதாங்கூர் மன்னரின் மகனாம். சின்ன வயதில் லண்டனுக்கு அனுப்பிப் படிப்பித்தார்களாம். இரண்டும் பொய். அவர் 1848 ஏப்ரல் 29இல் கிளிமானூரில் பிறந்தவர், திருவிதாங்கூர் மன்னரின் மகன் இல்லை. சிறுவயதில் கரித்துண்டால் சுவரில் கீறித் திரிந்தவரைக் கண்டுபிடித்துப் பழக்கியவர் தாய்மாமன் ராஜராஜ வர்மா. பதினான்கு வயதில் மாமன்தான் அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போய் அப்போது திருவிதாங்கூரை ஆண்ட ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் விட்டார். எண்ணெய் வர்ணம் பழக்குவதற்கு அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டார். நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் ஒளித்து வந்து சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். 1868இல் தியடோர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் வந்தபோது அவரும் படிப்பிக்கவில்லை, தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே பழகிய பிள்ளை 1873இல் வியன்னா கண்காட்சியில் பரிசு எடுத்தார்.

வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொன்ன கதை இது. வீட்டில் வர்ணம் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு இதைச் சொன்னால் அந்த முகம் மாறும். "லண்டனில் படித்தவர்" என்று ஒரு வரியில் சொன்னால் அதிலே என்ன மிஞ்சும்? நான் எழும்பித் திருத்தினேன். அவர் வானொலிப் பாட்டைக் கூட்டிவிட்டார்.

செவ்வாய்க்கிழமைதான் கிளிமானூர். திருவனந்தபுரத்தில் இருந்து வடக்கே 40 கிலோமீற்றர் அளவு. காலை எட்டு மணிக்குப் புறப்படுவதாக நிரலில் இருந்தது, வான் வந்தது பதினொன்றரைக்கு. அரண்மனை வாசலில் நின்றவர் மிகவும் பணிவாகச் சொன்னார்: இது குடும்பத்தாரின் இடம், கூட்டமாக வருவதென்றால் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும், உங்கள் பெயரில் யாரும் கேட்கவில்லை. அவரில் ஒரு பிழையும் இல்லை. நாங்கள் பதினான்கு பேரும் படலையடியில் நின்று படம் எடுத்தோம். உள்ளே பெரிய மரங்களும் ஓட்டுக்கூரையின் ஒரு பக்கமும் தெரிந்தன. அவ்வளவுதான் நான் கண்ட கிளிமானூர்.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் ரோட்டோரம் ஒரு ஓட்டு வீட்டில் இறக்கி, "ரவிவர்மா இளவயதில் இங்கே வைத்துத்தான் படங்களை அச்சடித்தார்" என்றார் வழிகாட்டி. உள்ளே முழுக்கப் படக்கடை. மச்சாள் ஒரு லட்சுமி படத்தை 6,000 இந்திய ரூபாவுக்கு வாங்கிவிட்டா. நூறு வருடத்துக்கு முந்தின கல்லச்சுப் பிரதி, அதாவது கல்லில் கீறி அச்சடித்த படம் என்று கடைக்காரர் சொன்னாராம். ஓரங்கள் மஞ்சளித்து, ஒரு மூலையில் பூச்சி அரித்தது போலவும் இருந்தது.

என்னிடம் மருந்துச் சீட்டு வாசிக்கிற பூதக்கண்ணாடி எப்போதும் இருக்கும். வான் வெளிச்சத்தில் லட்சுமியின் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய கல்லச்சு என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல், புள்ளிகள் கையால் வைத்தவை. பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கில்லாமல், மணல் தூவினதுபோல் கிடக்கும். இதிலே புள்ளிகள் வரிசை தப்பாமல் சின்னச் சின்னப் பூ வட்டங்களாக இருந்தன. கலண்டர் அடிக்கிற ஒப்செட் அச்சு அது. பூச்சி அரித்த இடத்தைத் திருப்பிப் பார்த்தால் மறுபக்கத்தில் ஓட்டையே இல்லை, அதுவும் அச்சில் வந்தது. மச்சாள் அழுதுவிட்டா. அதோடு, ரவிவர்மா அச்சகம் தொடங்கியது 1894இல், பம்பாயில். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. இளவயதும் இல்லை, கிளிமானூரும் இல்லை. இனிப் போகிறவர்கள் இந்த ஆண்டையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை கன்னியாகுமரி என்றார்கள். நானும் மச்சாளும் போகவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு சொந்தக் காசில் ஆட்டோ பிடித்து மியூசியம் வளவுக்குப் போனோம். ரவிவர்மா வரைந்த, அன்னத்தோடு கதைக்கிற தமயந்தியின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. சேலைக் கரையில் வர்ணம் ஒரு தடிப்பாக எழும்பி நிற்பது எந்த அச்சுப் படத்திலும் தெரியாது. மச்சாளும் ஒன்றும் பேசாமல் நின்றா. ஐந்து நாளில் எங்களுக்குக் கிடைத்த ரவிவர்மா அந்தப் பின்னேரம் மட்டும்தான், அதற்கும் அந்தத் தம்பிக்கும் சம்பந்தமில்லை.

ஊருக்கு வந்து போன் எடுத்தால் முதல் வாரம் "கூட்டத்தில் நிற்கிறன் ரீச்சர்". அடுத்த வாரம் பதிலே இல்லை. நேரே போய்க் கேட்டோம். "அங்கத்தைய ஆட்கள் விட்ட பிழை" என்றார். அரண்மனைக்கு அனுமதி கேட்டு அனுப்பிய கடிதத்தைக் காட்டுங்கள் என்றேன், காட்ட முடியவில்லை. பயண நிரலையும் பற்றுச்சீட்டையும் நான் கவனமாக வைத்திருந்தேன். எது நடக்கவில்லை என்று நாள்வாரியாக எழுதி ஆறு பேர் கையெழுத்து வைத்துக் கொடுத்த பிறகு ஆளுக்கு 40,000 ரூபா திருப்பித் தந்தார். மற்ற எட்டுப் பேரிடம் பற்றுச்சீட்டு இல்லை, காசைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இன்றுவரை ஒரு சதமும் வரவில்லை. மிச்சக் காசுக்காக மத்தியஸ்த சபைக்குப் போவதாக இருக்கிறோம்.

யாரிடம் காசு கட்டுவதென்றாலும், சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. பற்றுச்சீட்டில் பயணத்தின் பெயரும் திகதியும் இருக்கட்டும். நிரலில் உள்ள ஒவ்வொரு இடமும் எந்த நாளில் பூட்டு என்று பிள்ளைகளிடம் சொல்லி இன்டர்நெட்டில் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. தனியார் வளவு என்றால் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்.

நேற்று ஒரு பழைய மாணவி புதிய விளம்பரத்தை அனுப்பினாள். கிளிமானூர்ப் படலையடியில் நாங்கள் பதினான்கு பேரும் நிற்கிற படத்தைத்தான் மேலே போட்டிருக்கிறார்கள், "அரண்மனையில் எமது பயணிகள்" என்று. கீழே பயண நிரல். அதிலும் மியூசியத்துக்குப் போகிற நாள் திங்கட்கிழமைதான்.