ரிவிட்டைக் கழற்றிவிட்டுப் பெயிண்ட் அடிக்கும் குன்னூர் கடை

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. டிங்கரிங், பெயிண்டிங் இரண்டும் செய்கிறார்கள். வாசலில் நிற்பவை பெரும்பாலும் ஜீப்பும் பிக்கப் வண்டியும்தான். ஆனால் பைக் ஃபேரிங் (வண்டியின் முன்பக்கத்தை மூடும் காற்றுத் தடுப்பு உறை) வேலைக்கு நீலகிரியில் யார் கேட்டாலும் நான் இந்தக் கடையைத்தான் சொல்வேன்.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 535. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதில் ஒரு ஃபைபர் ஃபேரிங் மாட்டியிருந்தார். வைசர் (மேலே இருக்கும் ஒளிபுகும் காற்றுத் தடுப்பு), உள்பக்கத்து அலுமினியப் பட்டைகள், ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் வலை, எல்லாமே பாப் ரிவிட்டில், அதாவது துளையில் விட்டு ஒரே பக்கத்திலிருந்து இழுத்து இறுக்கும் குழாய் ஆணியில் பிடித்தவை. மலைக்குக் கீழே ஒரு கடையில் கொடுத்தபோது ரிவிட்டை அப்படியே விட்டு, மேலே டேப் ஒட்டிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஐப்பசி மழை வந்ததும் ஒவ்வொரு ரிவிட்டுக்குக் கீழேயும் துருக்கோடு வழிந்தது. டேப் ஒட்டிய விளிம்பில் பெயிண்ட் வளையம் வளையமாகப் பெயர்ந்தது.

குன்னூர் அண்ணன் ஃபேரிங்கைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். சாதாரண பாப் ரிவிட்டில் உடல் அலுமினியம், நடுவில் இழுபடும் ஆணி இரும்பு. அடித்து முடித்த பிறகும் ஆணியின் தலைத் துண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். மூடுபனியும் தூறலும் மாறி மாறி வரும் ஊரில் அந்த இரும்பு துருப்பிடிக்காமல் எப்படி இருக்கும்? அதோடு, வண்டி ஓடும்போது ஃபைபர் ஒரு மாதிரி அதிரும், ரிவிட் போட்ட பட்டை வேறு மாதிரி அதிரும். இரண்டையும் சேர்த்து ஒரே பூச்சு மூடியிருந்தால் ரிவிட் தலையின் ஓரத்தில்தான் முதலில் வெடிக்கும். "இதக் கழட்டாம அடிச்சா ரெண்டு மழை தாங்காதும்மா. பெயிண்ட் அடிக்கிறது சின்ன வேலை. இதுங்கள எடுக்கிறதுதான் வேலையே" என்றார்.

எடுக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் மெல்லிய பஞ்ச் வைத்து நடுவில் இருக்கும் ஆணித் துண்டைத் தட்டிப் பின்னால் தள்ளிவிடுகிறார். இல்லாவிட்டால் ட்ரில் பிட் இரும்பில் பட்டு வழுக்கி ஃபைபரைக் கீறிவிடும். அப்புறம் ரிவிட் உடலின் அளவுக்கே பிட். 4 மில்லி ரிவிட் என்றால் 4 மில்லி பிட், அதற்கு மேல் போவதில்லை. மெதுவான வேகத்தில் தலையை மட்டும் குடைந்தால் அது வளையமாகக் கழன்று பிட்டோடு வந்துவிடுகிறது. மிச்ச உடலைப் பின்பக்கமாகத் தட்டி எடுக்கிறார்.

வம்பு செய்வது பிட்டோடு சேர்ந்து சுற்றும் ரிவிட்தான். ரிவிட் சுற்றினால் சூடு ஏறும். சூட்டில் ஃபைபர் கருகி ஓட்டை அகலமாகும். அந்த மாதிரி இடங்களில் கடைப் பையன் பின்னால் குறடு வைத்து ரிவிட்டின் வாலைப் பிடித்துக்கொண்டான். கை போகாத ஒரு மூலையில் அண்ணன் ட்ரில்லையே கீழே வைத்துவிட்டு, பின்பக்க வாலைக் கட்டிங் பிளேயரால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினார். அவசரமே இல்லை. இந்தப் பொறுமைக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்.

ஏற்கெனவே அகன்றிருந்த ஓட்டைகளைப் பட்டி வைத்து மூடவில்லை. பட்டிக்கு ரிவிட்டின் இழுப்பைத் தாங்கும் பலம் கிடையாது. பின்பக்கம் கண்ணாடி இழைத் துணியும் ரெசினும் வைத்து அடைத்து, இறுகிய பிறகு புதிதாகத் துளை போட்டார். துளைகளின் உள் விளிம்பிலும் ரெசின் தடவினார். ஃபைபரின் வெட்டு வாய் திறந்திருந்தால் ஈரம் இழை வழியே உள்ளே ஏறும். அப்புறம் உப்புத்தாள், ப்ரைமர், வாட்டர் பேப்பர் என்று வழக்கமான வேலைதான்.

பெயிண்ட், ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த பியூ, அதாவது பாலியூரித்தேன். பனி இறங்கும் நாளில் ஸ்ப்ரே கன்னைத் தொடவே மாட்டார். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அங்கே படிந்து பளபளப்பு வெளுத்துவிடும். வெயிலுக்காகக் காத்திருக்கிறார் என்பதால் வண்டியும் அங்கேயே கிடக்கும். மழைக்காலத்தில் கொடுத்தால் தேதி கேட்காதீர்கள். நிறத்தை நான் மாற்றவில்லை, அதே சிவப்புதான். மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும், அதை அவரே முதலில் சொல்லிவிடுகிறார்.

பெயிண்ட் காய்ந்ததுபோல் தெரிந்த உடனே ரிவிட் அடிக்கவும் விடவில்லை. தொட்டால் ஒட்டாது என்பதும் முழுசாக இறுகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. சமவெளியிலேயே ஒரு வாரம் விடுவார்கள், மலைக் குளிரில் அதற்கு மேலும் ஆகும். இறுகாத பெயிண்டின் மேல் ரிவிட் தலையை இழுத்தால் அது பூச்சைக் கடித்துவிடும்.

புது ரிவிட் ஆணி உட்பட முழுக்க அலுமினியம், அகலத் தலை. தலைக்கு அடியில் நைலான் வாஷர், பின்பக்கம் அலுமினிய வாஷர். ஃபைபர் 3 மில்லி, பட்டை 2 மில்லி, பின் வாஷர் 1 மில்லி, ஆக 6. அதோடு ரிவிட் விட்டமான 4 மில்லியைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது இன்னொரு 6. ஆகவே 12 மில்லி நீள ரிவிட் எடுத்தார். நீளம் குறைந்தால் பின்னால் முடிச்சு சரியாக உருவாகாது, பிடிப்பு நிற்காது. இந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பழைய ரிவிட் அத்தனையும் ஒரே நீளம், பட்டை இருக்கும் இடத்திலும் வெறும் வலை இருக்கும் இடத்திலும்!

வைசருக்கு மட்டும் ரிவிட் வேண்டாம் என்று அவரே சொன்னார். அக்ரிலிக் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ரிவிட் போட்டு இறுக்கிப் பிடித்தால் துளையிலிருந்து விரிசல் ஓடும். உள்ளே பித்தளை மரை இருக்கும் ரப்பர் நட்டு, அதில் எம்5 போல்ட். வைசரில் துளையையும் கொஞ்சம் பெரிதாக்கினார். இனி வைசரைக் கழற்ற ட்ரில் தேவையில்லை.

குறைகள் உண்டு. போனை எடுக்க மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் எழுதித் தருகிறார்கள். எனக்கு 5,200 ரூபாய் ஆனது, வேலைக்கு அது நியாயமான கூலி. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வேறு: பையன் மூக்கில் கர்ச்சீஃப் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே பண்ணுகிறான். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது, அதைத் துணி தடுக்காது. வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடிதான் சரி. அண்ணனிடம் நேராகவே சொன்னேன், வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் போனாலும் கேளுங்கள். வாடிக்கையாளர்கள் கேட்டால் சீக்கிரம் நடக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க ஓட்டியாகிவிட்டது. ஒரு ரிவிட்டைச் சுற்றியும் வெடிப்பு இல்லை, துருக்கோடும் இல்லை. கொடுக்க நினைப்பவர்கள் தை, மாசியில் கொடுங்கள், காய்ந்த வெயில் கிடைக்கும். வண்டியை விட வேண்டாம், ஃபேரிங்கை மட்டும் கழற்றி எடுத்துப் போங்கள். பழைய ரிவிட்டை நீங்களே நோண்ட வேண்டாம். அவருக்கு ஓட்டைகள் முழுசாக வேண்டும்.