ட்ரை கிளட்ச் டி.சி.டி.யா, டார்க் கன்வெர்ட்டரா: எது எப்படிப் பழுதாகும்?

பழைய ஆட்டோமேட்டிக் கார் தேடுபவர்கள் தடுமாறும் இடம் இது. டி.சி.டி என்பது இரண்டு கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்; 'ட்ரை' என்றால் அந்தக் கிளட்ச் எண்ணெயில் மூழ்காமல் உலர்ந்தே ஓடும். டார்க் கன்வெர்ட்டர் வகையில் இன்ஜின் சக்தி எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குப் போகும்.

வெப்பம்
டி.சி.டி: நெரிசலில் ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசும். குளிர்விக்க எண்ணெய் கிடையாது. முதல் அறிகுறி, நகரத் தொடங்கும்போது நடுக்கம்.
கன்வெர்ட்டர்: வழுக்கலை எண்ணெயே தாங்கும், சூடேறிக் கெடுவதும் அந்த எண்ணெய்தான்.

மின்-ஹைட்ராலிக் பகுதி
டி.சி.டி: ஃபோக்ஸ்வாகனின் 7 கியர் டிக்யூ200-ல் மெக்கட்ரானிக் யூனிட்தான் (கியரையும் கிளட்சையும் இயக்கும் மின்-ஹைட்ராலிக் கட்டுப்பாட்டுப் பெட்டி) பலவீனம். அக்யுமுலேட்டர் (எண்ணெய் அழுத்தத்தைச் சேமிக்கும் பாகம்) பொருந்தும் இடத்தில் உறை விரிசல் விட்டால் அழுத்தம் இறங்கி, ஓடும் வண்டி இழுவையை இழக்கும். 2, 4, 6, ரிவர்ஸ் மட்டும் போனால் இரண்டாம் கிளட்ச் பக்கம் பாருங்கள். 2013-ல் சீனாவில் இதற்காகப் பெரிய ரீகாலே (நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) நடந்தது.
கன்வெர்ட்டர்: தேய்மானத் துகள் சோலனாய்டு வால்வில் (எண்ணெய் ஓட்டத்தை மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் வால்வு) சிக்கும், கியர் உதைத்து விழும். ரேடியேட்டருக்குள் கூலர் உள்ள வண்டியில் எண்ணெய் பால் கலந்த நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்துவிட்டது. அதை வாங்கவே வேண்டாம்.

செலவு
டி.சி.டி: கிளட்ச் தொகுப்பு, மெக்கட்ரானிக் இரண்டும் விலை அதிகம், சிறப்புக் கருவியும் வேண்டும்.
கன்வெர்ட்டர்: 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் பெரும்பாலும் போதும். 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்ற பேச்சை நம்பாதீர்கள்.

எதுவானாலும் ஸ்கேனரில் பழுதுக் குறியீடு (கோடு) வந்ததும் கியர்பாக்ஸைக் கழற்றக் கூடாது. முதலில் பேட்டரி வோல்டேஜ், எர்த் ஒயர், கனெக்டர்.

தினமும் நகர நெரிசல் என்றால் கன்வெர்ட்டர். நெடுஞ்சாலையே அதிகம், சர்வீஸ் பதிவும் முழுதாக இருக்கிறது என்றால் மட்டும் டி.சி.டி.