எந்த முடிவுக்கு எந்தக் கேள்வி? சந்தை ஆய்வு சர்வேயில் போட்டி போடும் கேள்வி வடிவங்கள்

சர்வே எழுத உட்காருகிறவர்கள் எதைக் கேட்பது என்பதில் நிறைய நேரம் செலவழிக்கிறார்கள். எப்படிக் கேட்பது என்பதைப் பெரும்பாலும் சாஃப்ட்வேரில் இருக்கும் டெம்ப்ளேட்டே முடிவு செய்துவிடுகிறது. ஐந்து நட்சத்திரமா, பத்துக்கு மதிப்பெண்ணா, டிக் பெட்டியா என்பதெல்லாம் வெறும் தோற்றம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அது தோற்றம் மட்டுமே அல்ல.

1940-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஒரே மாதிரியான இரண்டு குழுக்கள். ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப் பேச்சுகளை அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு குழுவிடமும், தடை செய்ய வேண்டுமா என்று மற்றொரு குழுவிடமும் கேட்டார்கள். கருத்துச் சொல்லாதவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், முதல் குழுவில் 75% பேர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். இரண்டாவது குழுவில் 54% பேர்தான் தடை செய்ய வேண்டும் என்றார்கள். கேட்ட விஷயம் ஒன்றேதான். ஒரு வினைச்சொல் மாறியதில் 21 புள்ளி வித்தியாசம். இதை டொனால்ட் ரக் 1941-இல் வெளியிட்டார்.

அதனால் இரண்டு வடிவங்களில் எது நல்லது என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. இந்தப் பதிலை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறோம், அந்த முடிவைக் கெடுக்கக்கூடிய பிழை எந்த வடிவத்தில் குறைவு என்று கேட்க வேண்டும். அந்தக் கண்ணோடுதான் இந்த ஒப்பீடு.

சொந்த வார்த்தையில் பதிலா, பட்டியலில் தேர்வா?

2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பிறகு, வாக்களிக்கும்போது உங்களுக்கு மிக முக்கியமாக இருந்த பிரச்சினை எது என்று பியூ ஆய்வு மையம் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டது. ஐந்து பிரச்சினைகளை வாசித்துக் காட்டிக் கேட்டபோது 58% பேர் பொருளாதாரம் என்றார்கள். பட்டியல் எதுவும் தராமல் கேட்டபோது அதைச் சொன்னவர்கள் 35%. இதைவிட முக்கியமானது அடுத்த எண். பட்டியல் இல்லாதபோது 43% பேர் அந்த ஐந்திலும் இல்லாத ஒன்றைச் சொன்னார்கள். பட்டியல் இருந்தபோது அதைத் தாண்டிப் போனவர்கள் 8% மட்டுமே.

கடைசியில் "மற்றவை" என்று ஒரு பெட்டி வைத்துவிட்டால் பட்டியலில் உள்ள ஓட்டை அடைபட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த 8 சதவீதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பட்டியல் கண்ணுக்கு முன்னால் இருந்தால் மனம் அதற்குள்ளேயேதான் சுற்றுகிறது.

ஆனால் பட்டியல் தராமல் சொந்த வார்த்தையில் பதில் கேட்கும் திறந்த கேள்விக்கும் விலை உண்டு. ஒவ்வொரு பதிலையும் படித்து வகைப்படுத்த ஆள் வேண்டும். எழுதச் சலிப்பவர்கள் "நல்லா இருக்கு" என்று இரண்டு வார்த்தையோடு போய்விடுவார்கள். பேச்சும் எழுத்தும் சரளமாக வருபவர்களின் குரல் கூடுதலாகக் கேட்கும். என் தேர்வு இரண்டையும் வரிசையாகப் பயன்படுத்துவது: முதலில் சிறிய குழுவிடம் திறந்த கேள்வி, அவர்கள் சொன்ன சொற்களை வைத்தே பட்டியல், அப்புறம் பெரிய சர்வேயில் அந்தப் பட்டியலிலிருந்து தேர்வு செய்யும் மூடிய கேள்வி. பட்டியலை அலுவலக அறைக்குள் உட்கார்ந்து தயாரித்தால், நிறுவனம் தன் பொருளைப் பற்றி நினைப்பதுதான் வாடிக்கையாளரின் வாயிலிருந்து திரும்பி வரும்.

"ஒப்புக்கொள்கிறேன்" வரிசையா, நேரடி அளவுகோலா?

பெரும்பாலான சர்வேக்களில் காணும் வடிவம் இது: "இந்த ஆப் வேகமாகவும் எளிதாகவும் இருக்கிறது" என்று ஒரு வாக்கியம்; கீழே "முழுவதும் மறுக்கிறேன்" முதல் "முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்" வரை ஐந்து வட்டங்கள். எழுதுவது சுலபம், ஒரே பக்கத்தில் பதினைந்து வாக்கியங்களை அடுக்கிவிடலாம். அந்தச் சுலபம்தான் ஆபத்து.

முதலில், மனிதர்களுக்கு ஆமோதிக்கும் பழக்கம் இருக்கிறது. எதிரில் ஒரு கூற்றை வைத்தால், குறிப்பாகக் களைப்பாகவோ அவசரமாகவோ இருக்கும்போது, ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்வதே எளிது. ஒரே கூற்றை நேராகவும் தலைகீழாகவும் கேட்டால் இரண்டையும் ஒப்புக்கொள்கிறவர்கள் கிடைப்பார்கள். இரண்டாவது, மறுப்பவர் எதை மறுக்கிறார் என்று தெரியாது. "சேவை சராசரியாக இருந்தது" என்பதை மறுத்தவர், அது மோசம் என்றாரா, அருமை என்றாரா? மேலே சொன்ன ஆப் வாக்கியத்தில் இன்னொரு கோளாறும் ஒளிந்திருக்கிறது: வேகம் பிடித்து எளிமை பிடிக்காதவர் எந்த வட்டத்தைத் தொடுவார்?

அதையே பிரித்து நேராகக் கேட்கலாம். "கடைசியாக இந்த ஆப்பைத் திறந்தபோது முதல் திரை எவ்வளவு வேகமாக வந்தது?" பதில்கள்: மிக மெதுவாக, மெதுவாக, ஓரளவு வேகமாக, வேகமாக, மிக வேகமாக. அடுத்து, "நீங்கள் தேடியதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு எளிதாக இருந்தது?" இடம் இரண்டு மடங்கு பிடிக்கிறது, ஒவ்வொரு கேள்விக்கும் தனியாகப் பதில் வரிசை எழுத வேண்டியிருக்கிறது. ஆனாலும் கிடைக்கும் பதிலை வேகத்துக்குப் பொறுப்பான குழுவிடம் நேரடியாகக் கொடுக்க முடியும். இந்தப் போட்டியில் எனக்குத் தயக்கமே இல்லை: நேரடி அளவுகோல்தான்.

அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் "ஒப்புக்கொள்கிறேன்" வரிசை முறையை முன்வைத்தபோது, பல கூற்றுகளுக்கான பதில்களைக் கூட்டி ஒரு மனப்போக்கை அளப்பதே அவர் திட்டம். ஒற்றை வாக்கியத்தைத் தனியே எடுத்து "72% ஒப்புக்கொள்கிறார்கள்" என்ற மாதிரி தலைப்புப் போடுவது பிற்காலத்துப் பழக்கம். கூற்று வரிசையைப் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், நன்றாகச் சோதிக்கப்பட்ட பல கூற்றுகளின் தொகுப்பாகப் பயன்படுத்துங்கள்.

ஐந்து புள்ளியா ஏழு புள்ளியா என்ற சண்டையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டும் வேலை செய்யும். ஒவ்வொரு புள்ளிக்கும் சொல்லால் பெயர் வைத்திருக்கிறீர்களா என்பதும், சென்ற ஆண்டு எதைப் பயன்படுத்தினீர்களோ அதையே தொடர்கிறீர்களா என்பதும் அதைவிட முக்கியம். எண்களைப் போடுவதாக இருந்தால் கவனம் தேவை. 1991-இல் உளவியலாளர் நார்பர்ட் ஷ்வார்ஸும் சகாக்களும், வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி பெற்றிருக்கிறீர்கள் என்று ஒரே கேள்வியை இரண்டு அளவுகோல்களில் கேட்டார்கள். 0 முதல் 10 வரை என்றபோது கீழ்ப்பாதியில் நின்றவர்கள் 34%. –5 முதல் +5 வரை என்றபோது அதே கீழ்ப்பாதியில் 13%. பூஜ்யத்தை "வெற்றி இல்லை" என்று படித்தவர்கள் மைனஸ் ஐந்தைத் "தோல்வி" என்று படித்திருக்கிறார்கள்.

மதிப்பெண், தரவரிசை, சிறந்தது–மோசமானது

சந்தை ஆய்வில் அதிகம் பணம் வீணாவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். ஹெட்ஃபோனில் உங்களுக்கு எவையெல்லாம் முக்கியம் என்று பன்னிரண்டு அம்சங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலித்தரம் முக்கியமா? ஆமாம், 5. பேட்டரி? 5. விலை? 5. காதில் உறுத்தாமல் இருப்பது? அதுவும் 5. பதில் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லி நாம் கேட்கவே இல்லையே. முடிவில் பன்னிரண்டு சராசரிகளும் 4.1-க்கும் 4.6-க்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கும். எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

தரவரிசை இந்தக் கோளாறைத் தீர்க்கிறது, ஆனால் பட்டியல் ஐந்து ஆறு வரை இருந்தால்தான். பன்னிரண்டை வரிசைப்படுத்தச் சொன்னால் மேலே மூன்றும் கீழே இரண்டும் உண்மையாக இருக்கும். நடுவில் இருப்பவை ஏனோதானோ என்று விழும். அதிலும் ஃபோன் திரையில் விரலால் இழுத்து இழுத்து அடுக்கச் சொல்வது ஒரு தண்டனை. பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது வழி, ஜோர்டன் லூவியர் 1980-களின் பிற்பகுதியில் உருவாக்கிய சிறந்தது–மோசமானது முறை. தொழிலில் மேக்ஸ்டிஃப் என்பார்கள். ஒரு திரையில் நான்கு அம்சங்கள் மட்டும். அவற்றில் மிக முக்கியமானது ஒன்று, மிகக் குறைவாக முக்கியமானது ஒன்று, அவ்வளவுதான் கேள்வி. பன்னிரண்டு அம்சங்களுக்கு ஒன்பது திரைகள் வைத்தால் ஒவ்வொன்றும் மூன்று முறை தலைகாட்டும். எண்களை வேறுவிதமாகப் புரிந்துகொள்ளும் தொல்லை இதில் கிடையாது. எல்லாவற்றுக்கும் 5 போடும் வழியும் அடைபட்டுவிடுகிறது. பல நாடுகளில் ஒரே சர்வேயை நடத்துகிறவர்களுக்கு இது பெரிய வரம். தாராளமாக மதிப்பெண் போடும் பழக்கம் ஊருக்கு ஊர் மாறும்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். கிடைப்பது ஒப்பீடு மட்டுமே. பன்னிரண்டும் வாடிக்கையாளருக்கு ஒரு பொருட்டே இல்லை என்றாலும் ஒன்று முதலிடத்தில் வந்துதான் ஆகும். பொருட்டா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் மதிப்பெண் கேள்வி ஒன்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எத்தனை முறை பயன்படுத்துகிறீர்கள்?

இங்கே போட்டி, தயாராக உள்ள இடைவெளிப் பட்டியலுக்கும் எண்ணை நேரடியாக எழுதும் பெட்டிக்கும். ஜெர்மனியில் 1985-இல் வெளியான ஒரு சோதனையில் தினமும் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். அரை மணி நேரத்தில் தொடங்கி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் என்று முடியும் பட்டியல் கிடைத்தவர்களில் 16% பேர் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் என்றார்கள். இரண்டரை மணி நேரத்திலேயே தொடங்கும் பட்டியல் கிடைத்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 37 சதவீதத்துக்கும் மேல். பட்டியலின் நடுப்பகுதிதான் ஊர் வழக்கம் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி தங்களை வைத்துக்கொண்டார்கள்.

எண் பெட்டிதான் என் தேர்வு, "கடந்த 7 நாட்களில்" என்ற கால எல்லையோடு. "வழக்கமாக", "அடிக்கடி" போன்ற சொற்களை இந்தக் கேள்விகளில் சேர்க்கவே கூடாது.

எல்லாவற்றையும் டிக் செய்யவா, ஒவ்வொன்றுக்கும் ஆம்/இல்லையா?

நீளமான பட்டியலில் "பொருந்தும் அனைத்தையும் டிக் செய்க" என்றால், மேலே உள்ள சிலவற்றை டிக் செய்துவிட்டுப் போதும் என்று நகர்வார்கள். காலியாக விட்ட பெட்டிக்கு இல்லை என்று அர்த்தமா, படிக்கவே இல்லை என்று அர்த்தமா? தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஆம்/இல்லை கேட்டால் நேரம் கூடும்; ஆம் என்ற பதில்களும் கூடும். பத்துக்குள் இருந்தால் ஆம்/இல்லை வையுங்கள். அதற்கு மேல் போனால் டிக் பெட்டி, ஒவ்வொருவருக்கும் வரிசையைக் கலைத்துப் போட்டு. திரையில் படிக்கும்போது முதலில் வருபவையும், தொலைபேசியில் கேட்கும்போது கடைசியில் வருபவையும் கூடுதலாகத் தேர்வாகும் என்பதை மறக்க வேண்டாம்.

விலை

"இந்த விலைக்கு வாங்குவீர்களா?" என்ற ஒற்றைக் கேள்வி எல்லாவற்றிலும் பலவீனமானது. சர்வேயில் வாங்குவேன் என்று சொல்ல காசு செலவாகாது.

நெதர்லாந்தின் வான் வெஸ்டன்டார்ப் 1976-இல் தந்த முறை நான்கு கேள்விகளைக் கேட்கிறது: எந்த விலையில் இது வாங்கவே முடியாத அளவுக்கு அதிகம், எந்த விலையில் அதிகம்தான் ஆனாலும் யோசிக்கலாம், எந்த விலையில் லாபமான பேரம், எந்த விலையில் தரத்தையே சந்தேகிக்கும் அளவுக்கு மலிவு. விலையே தெரியாத புதிய பொருளுக்கு ஓர் எல்லை வகுக்க இது நல்லது. ஆனால் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று இது சொல்லாது. 1960-களில் ஆந்த்ரே கேபரும், பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற கிளைவ் கிரேஞ்சரும் வகுத்த முறையில் நாம் விலையைச் சொல்லி வாங்குவீர்களா என்று கேட்டு, பதிலைப் பொறுத்து ஏற்றி இறக்கி மறுபடி கேட்கிறோம். இதில் தேவை வளைவு, அதாவது எந்த விலைக்கு எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கணக்கு, கிடைக்கும். குறை என்னவென்றால், இரண்டாவது விலையைக் கேட்டதும் பதில் சொல்பவருக்கு இது பேரம் என்று புரிந்துவிடும்.

போட்டிப் பொருட்கள் நிறைந்த சந்தையில் இரண்டுமே போதாது. போட்டியாளரின் பொருளையும் பக்கத்தில் வைத்துத் தேர்வு செய்யச் சொல்லும் கான்ஜாயின்ட் முறைக்குப் போக வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களின் எண்ணிக்கையும் செலவும் அதிகம். விலையில் தவறினால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

எதை வைத்துச் சோதிப்பது?

கேள்விகள் தயாரானதும் இரண்டு சோதனை வழிகள் இருக்கின்றன. ஒன்று, முதலில் நூறு பேருக்கு மட்டும் அனுப்பி, முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தக் கேள்வியில் விட்டுப் போகிறார்கள், யார் எல்லா வரிசையிலும் ஒரே வட்டத்தைத் தொடுகிறார்கள் என்று பார்ப்பது. இன்னொன்று, ஐந்தாறு பேரை ஒவ்வொருவராக எதிரில் உட்கார வைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லியபடியே பதில் எழுதச் சொல்வது.

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் இரண்டாவதைச் செய்யுங்கள். கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டவரும் ஏதோ ஒரு வட்டத்தைத் தொட்டுவிட்டு ஒழுங்காக முடித்துவிடுவார். நூறு பேரின் எண்களில் அந்தத் தவறு தெரியாது. "உங்கள் குடும்பத்தில் எத்தனை சாதனங்கள் உள்ளன?" என்ற கேள்வியில் ஒருவர் நின்று, "வேறு ஊரில் படிக்கும் மகளைச் சேர்க்கணுமா? உடைந்து அலமாரியில் கிடக்கும் ஃபோனையும் எண்ணணுமா?" என்று கேட்பதை எதிரில் இருந்தால்தான் கேட்க முடியும். அப்படிக் கேட்டதும் கேள்வியை "இப்போது உங்களோடு ஒரே வீட்டில் வசிப்பவர்கள், கடந்த 30 நாட்களில் ஒரு முறையாவது பயன்படுத்திய சாதனங்கள்" என்று திருத்தி, அடுத்த ஆளிடம் மறுபடி வாசித்துக் காட்டுங்கள்.